காசிமேட்டு மஞ்சளும் லைட்ரூம் நீலமும்

அடுத்த கேள்வி, தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். “அண்ணா, காசிமேட்டில் விடியறதுக்கு முன்னாடி மீன் ஏலத்தைப் படம் எடுத்தேன். எல்லாம் ஒரே மஞ்சள். படம் திருத்தற லைட்ரூம் சாஃப்ட்வேரில் கலர் டெம்பரேச்சரை நீலப் பக்கம் இழுத்தால் வானமும் படகும் மை கொட்டின மாதிரி ஆகுது. என்ன தப்பு?”

மூன்று படத்தையும் பார்த்தேன். உங்கள் மேல் தப்பில்லை, தம்பி. அங்கே இரண்டு வெளிச்சம் இருக்கிறது. ஏலம் போடுகிறவர் தலைக்கு மேலே மஞ்சள் பல்பு, பின்னால் விடியப்போகிற வானம். அது ஏற்கெனவே நீலம். டெம்பரேச்சர் ஸ்லைடரோ படம் முழுக்க ஒரே அளவில்தான் இழுக்கும். வானத்தைப் பார்த்து வைத்தால் ஏலக்காரருக்கு மஞ்சள் காமாலை.

முதலில் மீனையும் முகத்தையும் சரி செய்யுங்கள். எது வெள்ளை என்று லைட்ரூமுக்குக் காட்டுகிற ஐ டிராப்பரை, வெள்ளைதானே என்று ஐஸில் வைத்திருப்பீர்கள். பல்புக்கு நேர் கீழே இருக்கிற ஐஸில் சிவப்புச் சேனல் உச்ச அளவான 255-இல் முட்டி நிற்கும், நீலம் கீழேயே கிடக்கும். கணக்கே தப்பாகிவிடும். பக்கத்தில் தெர்மாகோல் பெட்டி இருக்கிறதே, அதன் பக்கவாட்டில் பல்பு வெளிச்சம் மங்கலாக விழுகிற இடத்தில் வையுங்கள். அப்புறம் கொஞ்சம் மஞ்சளைத் திருப்பிக் கொடுங்கள். முழுக்க எடுத்துவிட்டால் உச்சி வெயிலில் எடுத்த மாதிரி இருக்கும். பிறகு வானத்துக்கும் படகுக்கும் தனியாக மாஸ்க் போட்டு, அங்கே மட்டும் டெம்பரேச்சரை மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். விளிம்பு தெரியாமல் ஃபெதர் கொடுங்கள்.

சங்கரா மீன் வெளுத்துப்போய்த் தெரிகிறது என்று சேச்சுரேஷனைத் தூக்காதீர்கள், அந்த நீல பிளாஸ்டிக் கூடை கண்ணைக் குத்தும். நானே ஒரு கல்யாண ஆல்பத்தில் அப்படித் தூக்கி, அரக்குப் பட்டுப்புடவை ரோஸாகி, “இது எங்க பொண்ணு புடவையே இல்லைப்பா” என்று பெண்ணின் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வைப்ரன்ஸ் போதும். மங்கின நிறத்தைத்தான் அது அதிகமாகத் தூக்கும். இன்னும் வேண்டுமென்றால் கலர் மிக்சரில் சிவப்பு மட்டும்.

நீங்கள் எடுத்தது ஜேபெக். அதனால்தான் ஸ்லைடரில் வெளிச்சத்தின் நிறத்தை அளக்கிற கெல்வின் அளவு வராமல் மைனஸ் 100 முதல் பிளஸ் 100 வரை காட்டுகிறது. சேனலுக்கு 256 படிதான், ரொம்ப இழுத்தால் நிழலில் புள்ளி புள்ளியாக வரும். சென்ஸார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற 14 பிட் ரா ஃபைல் என்றால் 16,384 படி. அடுத்த தடவை ராவில் எடுங்கள்.

அந்த மூன்றாவது படத்தில் இருக்கிற மங்கலுக்குக் கலர் காரணமில்லை, லென்ஸில் உப்புக் காற்று படிந்திருக்கிறது. துணியால் துடையுங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.