ஜெரமி பிரெட்: ஷெர்லக் ஹோம்ஸுக்கு உருக்கொடுத்த உழைப்பு

[திரையில்: தொடரின் தொடக்கக் காட்சி. பேக்கர் தெரு, குதிரை வண்டிகள். பின்னணியில் வயலின் இசை.]

வணக்கம். 1984 ஏப்ரல் 24 அன்று பிரிட்டனின் ஐ.டி.வி. தொலைக்காட்சியில் 'எ ஸ்கேண்டல் இன் பொஹீமியா' என்ற ஒரு மணி நேர நாடகம் ஒளிபரப்பாயிற்று. மான்செஸ்டர் நகரிலிருந்து இயங்கிய கிரனாடா நிறுவனம் அதைத் தயாரித்திருந்தது. அன்று தொடங்கி 1994 ஏப்ரல் வரை, ஒரு மணி நேர நாடகங்கள் முப்பத்தாறும் நீண்ட படங்கள் ஐந்துமாக, மொத்தம் 41 கதைகள் வெளிவந்தன. அவற்றில் ஷெர்லக் ஹோம்ஸாக நடித்தவர் ஜெரமி பிரெட்.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஹோம்ஸ் என்ற பாத்திரம் அவரை மெல்ல மெல்ல விழுங்கிவிட்டது என்றும், அவருடைய மனநோய்தான் அந்த நடிப்புக்கு அத்தனை உக்கிரத்தைக் கொடுத்தது என்றும் அந்தக் கதை போகும். கேட்பதற்கு உருக்கமாக இருந்தாலும், ஒரு தேர்ந்த கலைஞரின் பல ஆண்டு உழைப்பை நோயின் கணக்கில் வரவு வைக்கும் இந்தப் பேச்சு அவருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன். அவர் எப்படி உருவானார், அந்தப் பாத்திரத்தை எப்படிக் கட்டினார், நோய் எந்தக் கட்டத்தில் வந்து என்ன செய்தது என்பதை வரிசையாகப் பார்த்தால், நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

[திரையில்: வார்விக்‌ஷயர் கிராமப்புறம். பிறகு ஈட்டன் பள்ளியின் முகப்பு.]

அவருடைய இயற்பெயர் பீட்டர் ஜெரமி வில்லியம் ஹக்கின்ஸ். 1933 நவம்பர் 3 அன்று, இங்கிலாந்தின் வார்விக்‌ஷயர் பகுதியில் பெர்க்ஸ்வெல் என்ற ஊரில், வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை ராணுவ அதிகாரி. பிள்ளையை ஈட்டன் பள்ளியில் சேர்த்தார்கள். எழுத்துகளை வாசிப்பதில் தடுமாற்றத்தை உண்டாக்கும் டிஸ்லெக்ஸியா குறைபாடு இருந்ததால் படிப்பு அவருக்கு ஏறவில்லை; ஆனால் பள்ளியின் பாடகர் குழுவில் அவர் குரல் தனித்து நின்றது. அதே குரலுக்கு ஒரு தடையும் இருந்தது. ரகர ஒலி அவர் நாவில் சரியாக வராது. பதின்ம வயதில் அறுவை சிகிச்சை செய்து அதைச் சரிப்படுத்தினார்கள். அதன் பிறகும் அவர் உச்சரிப்புப் பயிற்சியைக் கைவிடவில்லை. பின்னாளில் ஹோம்ஸ் பேசும்போது ஒவ்வொரு மெய்யெழுத்தும் சுத்தியலால் அடித்ததுபோல் தெளிவாக விழுந்ததற்குப் பின்னால், சிறுவயதில் தொடங்கிய அந்த விடாப்பிடியான பயிற்சி இருக்கிறது.

பதினாறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவருடைய இதய வால்வுகளில் நிரந்தரத் தழும்புகளை விட்டுச் சென்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இறுதிக்காலத்தைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி தேவைப்படும்.

லண்டனில் சென்ட்ரல் நாடகப் பள்ளியில் பயின்று நடிக்க வந்தபோது, குடும்பப் பெயரை மேடையில் பயன்படுத்தக் கூடாது என்று தந்தை சொல்லிவிட்டார். தாம் அணிந்த முதல் சூட்டில் தைத்திருந்த தையற்கடைச் சீட்டில் 'பிரெட்' என்ற பெயர் இருந்தது; அதையே எடுத்துக்கொண்டார். 1954-இல் மான்செஸ்டரின் லைப்ரரி தியேட்டரில் தொழில்முறை நடிகராக மேடையேறினார். முப்பது ஆண்டுகள் கழித்து ஹோம்ஸாக அவர் நின்றதும் இதே ஊரில்தான்.

[திரையில்: 1950, 60-களின் திரைப்படச் சுவரொட்டிகள்.]

இடைப்பட்ட முப்பது ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1956-இல் ஆட்ரி ஹெப்பர்ன் நடித்த 'வார் அண்ட் பீஸ்' திரைப்படத்தில் அவருடைய அண்ணனாக வந்தார். 1964-இல் 'மை ஃபேர் லேடி' படத்தில் நாயகியின் வீட்டு வாசலில் காதல் பாட்டுப் பாடும் ஃபிரெடி அவர்தான். ஆனால் திரையில் ஒலிப்பது பில் ஷர்லி என்பவரின் குரல். பாடத் தெரிந்த ஒருவருக்கு இது எவ்வளவு மனக்குறையாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். லாரன்ஸ் ஒலிவியே தலைமை தாங்கிய நேஷனல் தியேட்டரில் சில ஆண்டுகள் நடித்தார். பிபிசிக்காக 1966-இல் 'தி த்ரீ மஸ்கடியர்ஸ்' தொடரில் டார்டன்யன், 1979-இல் 'ரெபெக்கா' தொடரில் மாக்ஸிம் டி வின்டர் என்று நல்ல வேடங்கள் கிடைத்தன. அழகிய முகமும் கம்பீரமும் உடைய காதல் நாயகன் என்பதே அதுவரை அவருக்கு இருந்த அடையாளம். ஹோம்ஸ் வேடத்துக்கு முன்பே அவர் ஹோம்ஸின் நண்பரான வாட்சனாக நடித்திருக்கிறார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். லாஸ் ஏஞ்சலஸில் 'தி குரூசிஃபர் ஆஃப் பிளட்' என்ற மேடை நாடகத்தில் சார்ல்டன் ஹெஸ்டன் ஹோம்ஸாக வர, பிரெட் வாட்சனாக நடித்தார். ஹோம்ஸை அருகிலிருந்து கவனிக்கிறவனின் இடத்தில் நின்று பார்த்த அனுபவம் அவருக்கு அப்போதே கிடைத்துவிட்டது.

[திரையில்: ஸ்ட்ராண்ட் இதழில் சிட்னி பேஜெட் வரைந்த ஓவியங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் தொடரின் அதே காட்சி.]

ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில் 1930-இல் காலமானார். அன்றைய சட்டப்படி 1980-ஆம் ஆண்டோடு அவருடைய எழுத்துகளின் பதிப்புரிமை பிரிட்டனில் முடிவடைந்தது. கிரனாடாவின் தயாரிப்பாளர் மைக்கேல் காக்ஸ், டாயிலின் மூலக் கதைகளுக்கு இயன்றவரை நேர்மையாக இருக்கும் ஒரு தொடரை எடுக்கத் தீர்மானித்தார். அதற்காக அவருடைய குழு 'பேக்கர் ஸ்ட்ரீட் ஃபைல்' என்ற 77 பக்கக் குறிப்பேட்டைத் தயாரித்தது. ஹோம்ஸ் என்ன உடுத்துவார், எதைப் புகைப்பார், எப்போது சாப்பிட மறுப்பார், வாட்சனின் பழக்கங்கள் என்ன என்பதையெல்லாம் கதைகளிலிருந்தே திரட்டித் தொகுத்திருந்தார்கள். ஸ்டுடியோ வளாகத்தில் ஹோம்ஸ் குடியிருக்கும் பேக்கர் தெருவையே கட்டி எழுப்பினார்கள். கதைகள் வெளிவந்த ஸ்ட்ராண்ட் இதழில் சிட்னி பேஜெட் வரைந்த ஓவியங்களை முன்னால் வைத்துக்கொண்டு, பல காட்சிகளில் நடிகர்களின் நிலையையும் அசைவையும் அவற்றுக்கு ஒப்ப அமைத்தார்கள்.

பிரெட் அந்தக் குறிப்பேட்டைத் தம் வேதநூலாகவே கொண்டார். படப்பிடிப்புக்கு டாயிலின் தொகுப்பைக் கையோடு எடுத்து வருவார். திரைக்கதை மூலத்திலிருந்து விலகிய இடங்களைக் குறித்து வைத்து, இது ஏன் மாறியது என்று எழுத்தாளரிடமும் இயக்குநரிடமும் கேட்பார். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வாதாடுவார். காதுமடல் தொப்பியைப் போட்டால்தான் ஹோம்ஸ் என்று பார்வையாளர்கள் பழகியிருந்த காலம் அது. பிரெட்டின் ஹோம்ஸ் லண்டன் தெருக்களில் அக்காலக் கனவான்களைப் போல உயர்ந்த கறுப்புத் தொப்பியோடுதான் நடப்பார். காதுமடல் தொப்பி நாட்டுப்புறப் பயணங்களுக்கு மட்டுமே.

எழுத்தில் உள்ளதை அப்படியே பின்பற்றுவது பாதி வேலைதான். எழுத்தில் இல்லாததை என்ன செய்வது? ஹோம்ஸின் இளமைப் பருவத்தைப் பற்றி டாயில் மிகக் குறைவாகவே சொல்லியிருக்கிறார். அந்த இடைவெளியை பிரெட் தாமே நிரப்பிக்கொண்டார். தாயை அதிகம் பார்க்காமல், தன்னைக் குளிப்பாட்டினாலும் ஒருமுறைகூட முத்தமிடாத ஒரு செவிலியிடம் வளர்ந்த சிறுவனாகவும், பல்கலைக்கழகத்தில் ஒரு பெண்ணைக் கண்டு மயங்கி அவளால் திரும்பிப் பார்க்கப்படாமலே போன இளைஞனாகவும் ஹோம்ஸைக் கற்பனை செய்துகொண்டார். இவற்றில் ஒரு சொல்கூடத் திரையில் பேசப்படுவதில்லை. ஆனால் ஒரு பெண் அழுதுகொண்டே ஹோம்ஸின் அறைக்குள் நுழையும் காட்சிகளைக் கவனியுங்கள். அவளை நோக்கி ஒரு கை லேசாக நீளும், தொடாமல் நின்றுவிடும், முகம் உடனே இறுகும். ஆறுதல் சொல்ல விரும்பியும் அதைச் செய்யும் விதம் தெரியாத ஒரு மனிதனை அந்த ஓர் அசைவில் அவர் காட்டிவிடுகிறார். நடிகன் தன் இயல்பைப் பிழிந்து வெளியேற்றிவிட்டுப் பாத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும் பஞ்சாக இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

உடல்மொழியும் அப்படித்தான். மணிக்கணக்கில் அசையாமல் நாற்காலியில் கண்மூடிக் கிடப்பதும், திடீரென்று எழுந்து சோபாவைத் தாண்டிக் குதிப்பதும், தடயம் தேடிப் புல்தரையில் முகம் பதியக் கிடப்பதும், நொடிப்பொழுதில் தோன்றி மறையும் சிரிப்பும் டாயில் எழுதிய அதே மனிதனின் இயல்புகள்: வேலை இருந்தால் வேட்டை நாயின் வேகம், வேலை இல்லாவிட்டால் கொடிய சோர்வு. அவற்றை நோயாளியின் கட்டுப்பாடற்ற அசைவுகள் என்று யாராவது சொன்னால், முதல் இரண்டு வரிசைகளைப் புத்தகத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்வேன்.

[திரையில்: டேவிட் பர்க், எட்வர்ட் ஹார்ட்விக் ஆகிய இருவரின் படங்கள்.]

இத்தொடரின் இன்னொரு சாதனை வாட்சன். 1939 முதல் 1946 வரை வந்த பதினான்கு திரைப்படங்களில் பேசில் ராத்போன் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் வாட்சனாகவும் நடித்தார்கள். அவற்றின் செல்வாக்கால், வாட்சன் என்றாலே விஷயம் புரியாமல் விழிக்கும் அப்பாவிக் கிழவர் என்ற எண்ணம் ஊறிவிட்டிருந்தது. டாயிலின் வாட்சனோ ஆப்கன் போரில் காயமடைந்து திரும்பிய மருத்துவர்; துணிச்சலும் நிதானமும் உள்ளவர். முதல் பதின்மூன்று நாடகங்களில் டேவிட் பர்க் அந்த வாட்சனை மீட்டுக் கொடுத்தார். அவர் குடும்பத்தோடு இருக்கவும் மேடைக்குத் திரும்பவும் விரும்பி விலகியபோது எட்வர்ட் ஹார்ட்விக் வந்தார். ஹோம்ஸின் பிரகாசத்தைவிட அந்த நட்பே தொடரின் உயிர் என்பதை பிரெட் நன்றாக அறிந்திருந்தார் என்பதற்கு, வாட்சன் பேசும்போது அவர் கேட்டுக்கொண்டிருக்கும் விதமே போதிய சான்று.

கொக்கேன் ஊசி பற்றிய சிக்கல் ஒன்றும் இருந்தது. மூலக் கதைகளில் ஹோம்ஸ் அந்தப் பழக்கத்துக்கு ஆளானவர். தொடரும் அதை மறைக்கவில்லை. ஆனால் சிறுவர்கள் இத்தொடரை விரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பிரெட்டின் மனம் ஒப்பவில்லை. டாயிலின் மகள் டேம் ஜீன் கானன் டாயிலின் இசைவைப் பெற்று, 1988-இல் வந்த 'தி டெவில்ஸ் ஃபூட்' நாடகத்தில், ஹோம்ஸ் கார்ன்வால் கடற்கரை மணலில் ஊசியைப் புதைக்கும் காட்சியைச் சேர்க்கச் செய்தார். மூலத்தில் இல்லாத காட்சி இது. ஒவ்வொரு வரிக்கும் மூலத்தைக் காட்டி வாதாடிய ஒருவர், தாமே அதிலிருந்து விலகிய இடம் குழந்தைகளின் நலனுக்கானது என்பதில் அவருடைய மனம் தெரிகிறது.

[திரையில்: ரைக்கன்பாக் அருவி, சுவிட்சர்லாந்து.]

இனி நோயைப் பற்றி. 'தி ஃபைனல் பிராப்ளம்' நாடகத்துக்காகக் குழுவினர் சுவிட்சர்லாந்துக்குச் சென்று ரைக்கன்பாக் அருவியிலேயே படம்பிடித்தார்கள். அது ஒளிபரப்பாவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1985 ஜூலையில், அவருடைய இரண்டாவது மனைவி ஜோன் வில்சன் புற்றுநோயால் இறந்தார். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் பிரிட்டிஷ் நாடகங்களுக்குப் பெரிய இடத்தை உருவாக்கித் தந்த தயாரிப்பாளர் அவர். துயரத்தோடு வேலைக்குத் திரும்பிய பிரெட், 1986-இல் நிலைகுலைந்து மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அளவுகடந்த உற்சாகமும் கடும் மனச்சோர்வும் மாறி மாறி வரும், இன்று இருமுனையப் பிறழ்வு என்று அழைக்கப்படும் நோய் அவருக்கு இருப்பது அப்போது உறுதியானது. அதற்குள் ஹோம்ஸின் உருவம் முழுமையாகத் திரையில் நிலைபெற்றுவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நோய்க்காகக் கொடுத்த லித்தியம் என்ற மருந்து உடலில் நீர் கோத்துக்கொள்ளச் செய்தது, எடை கூடியது. ஏற்கெனவே தழும்பேறிய இதயத்துக்கு அது பெரும் சுமை. புகைப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. 1994-இல் வந்த கடைசி வரிசையில் மூச்சுத் திணறலோடு அவர் நடிப்பதை நம்மால் காண முடிகிறது. 'தி மசாரின் ஸ்டோன்' நாடகத்தில் அவர் உடல்நலமின்றி விலக நேர்ந்ததால், ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்ட்டாக வந்த சார்லஸ் கிரே துப்பறியும் பொறுப்பை ஏற்றார். அந்த நாடகத்தில் இணைக்கப்பட்டிருந்த 'தி த்ரீ கேரிடெப்ஸ்' கதையில்தான், வாட்சன் சுடப்பட்டதும் ஹோம்ஸ் தம் அன்பை வெளிப்படையாகக் காட்டும் அபூர்வமான இடம் வருகிறது. அதை பிரெட் நடித்துப் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவருடைய ரசிகனாக என்னால் இன்றும் ஆற்றிக்கொள்ள முடியாத குறை இது.

1992, 93-ஆம் ஆண்டுகளின் நீண்ட படங்களிலும் தரம் சரிந்தது. ஐம்பது நிமிடத்துக்கு ஏற்ற சிறுகதைகளை இரண்டு மணி நேரத்துக்கு இழுத்ததால், டாயிலுக்குத் தொடர்பில்லாத சம்பவங்கள் உள்ளே புகுந்தன. அந்தச் சரிவை பிரெட்டின் உடல்நிலையின் தலையில் மட்டும் கட்டுவது சரியாகாது; திரைக்கதையே அங்கே வழிதவறிவிட்டது.

1995-இல் இருமுனையப் பிறழ்வு நோயாளிகளுக்கான தொண்டு அமைப்பு ஒன்றுக்கு நிதி வேண்டி பிபிசி வானொலியில் தம் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். புகழ்பெற்ற நடிகர்கள் இத்தகைய நோயை மூடி மறைத்த காலத்தில் அவர் செய்த காரியம் இது. அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று லண்டன் கிளாப்பம் பகுதியிலிருந்த வீட்டில் இதயச் செயலிழப்பால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 61.

[திரையில்: பரிந்துரைக்கும் நாடகங்களின் பெயர்ப்பட்டியல்.]

இத்தொடரைப் புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் 1984-இல் வந்த 'தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்', 'தி புளூ கார்பங்கிள்' இரண்டிலிருந்து தொடங்கலாம். முன்னதில் அவருடைய வேகமும், பின்னதில் அவருடைய கருணையும் தெரியும். அடுத்து 'தி ஃபைனல் பிராப்ளம்', அதன் தொடர்ச்சியாக ஹார்ட்விக் அறிமுகமாகும் 'தி எம்ப்டி ஹவுஸ்', பிறகு 'தி டெவில்ஸ் ஃபூட்' என்று போகலாம். முடிந்தால் ஒவ்வொரு கதையையும் முதலில் படித்துவிட்டுப் பாருங்கள். அவரும் படப்பிடிப்புக்கு அப்படித்தான் வந்தார்.