எந்தத் தண்ணீரில் சோதித்தீர்கள்?

வணக்கம் நண்பர்களே. மண்டபம் கரையில் நிற்கிறேன். கச்சான் காற்று பலமாக அடிக்கிறது, இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் பாதரசம், ஈயம், செம்பு போன்ற உலோக அயனிகளை, அதாவது மின்னூட்டம் பெற்ற உலோக அணுக்களை, ஒளியால் காட்டிக்கொடுக்கும் பாலிமர்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகளைக் கோத்த நீண்ட சங்கிலி. இந்த பாலிமர்களின் சங்கிலியில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும். அதனால் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் அடைபடாமல் சங்கிலி நெடுகப் பரவியிருக்கும். இந்த வகைப் பொருள் மின்சாரத்தைக் கடத்தும் என்று காட்டியதற்காக ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா மூவருக்கும் 2000இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது இவற்றின் ஒளிர்வு. புற ஊதா விளக்கின் கீழ் நீலமாகவோ பச்சையாகவோ மின்னும். உலோக அயனி வந்து ஒட்டினால் பலவற்றில் அந்த ஒளி மங்கிவிடும்.

சாதாரண ஒளிர் சாயமும் மங்கத்தானே செய்கிறது? ஆமாம், ஆனால் அங்கே ஓர் அயனி ஒரு மூலக்கூறின் ஒளியை மட்டுமே அணைக்கும். பாலிமரில் ஒளியிலிருந்து வாங்கிய ஆற்றல் சங்கிலி முழுவதும் அலைந்து திரிகிறது. கரையோரமாக மேய்ந்துகொண்டே போகும் சூடை மீன் கூட்டத்துக்கு ஓரிடத்தில் வலை போட்டால் போதுமல்லவா, அதுபோல எங்கோ ஒரு மூலையில் ஒட்டிய ஒரே அயனி சங்கிலியின் பெரும்பகுதி ஒளியை விழுங்கிவிடும். வேதியியலாளர் டிமோதி ஸ்வேகரின் குழு 1995இல் இந்தப் பெருக்கத்தைக் காட்டியது. அவர்கள் அப்போது பிடித்தது உலோகத்தை அல்ல, பாராகுவாட் என்ற களைக்கொல்லியை. உலோகங்களுக்கான பாலிமர்கள் அந்த வழியில் பின்னர் பெருகின. சங்கிலியில் எந்தக் கொக்கியை, அதாவது அயனியைப் பிடிக்கும் எந்த வேதிப் பகுதியை, கோக்கிறோமோ அதற்கேற்ற அயனி மாட்டும். பாதரசத்துக்குக் கந்தகம் உள்ள கொக்கி நன்றாகப் பிடிக்கும். டி.என்.ஏ.வில் உள்ள தைமின் என்ற மூலக்கூறு இரண்டு சேர்ந்தும் நடுவில் ஒரு பாதரச அயனியைக் கவ்விக்கொள்ளும்.

இனி நம் கடலுக்கு வருவோம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரம் பாதரசத்துக்கு அனுமதிப்பது லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அந்த அளவு பாதரசம் இந்த நீரில் இருப்பதாக வைத்துக்கொண்டால், உப்பு அதைப்போல மூன்றரைக் கோடி மடங்கு. உப்பிலுள்ள குளோரைடு பாதரசத்தை முன்பே சுற்றி வளைத்துக்கொள்கிறது, கொக்கி அதனிடமிருந்து பறித்தாக வேண்டும். மின்னூட்டத்தின் துணையால் நீரில் கரையும் பாலிமர்களோ உப்பைக் கண்டதும் ஒன்றோடொன்று திரண்டு, உலோகமே இல்லாமல் மங்கிவிடக்கூடும். கலங்கல் நீரும் ஒளியைத் தடுக்கும். ஆகவே ஒளி மங்கியது என்பது மட்டும் எனக்குச் சான்றாகாது. அயனி வந்தபின் ஒளி கூடுகிற, அல்லது நிறம் மாறுகிற வகைகளையே நான் அதிகம் நம்புகிறேன்.

ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட பாதரச நஞ்சு நோய் மீன் வழியாகத்தான் மக்களுக்கு வந்தது. மீனையே உண்டு, மீனையே விற்று வாழும் கரை இது. நம் வலைகளின் அடிக்கயிற்றில் ஈயக்குண்டுதான் கோத்திருக்கிறது. அதனால் இதை ஆய்வகத்துச் செய்தியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

வேதியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் உருவாக்கும் பாலிமரைக் காய்ச்சி வடித்த நீரில் சோதித்ததோடு நிறுத்தாதீர்கள். தேவிபட்டினத்துக் கடல்நீர், கீழக்கரைக் கிணற்று நீர், மணலில் தோண்டிய ஊற்று நீர் மூன்றிலும் தெரிந்த அளவு உலோகத்தைச் சேர்த்து அளந்து பாருங்கள். ஒளி மங்கினாலும் மங்காவிட்டாலும் அந்த முடிவை அப்படியே எழுதுங்கள்.