டபிள்யூ-4 படிவத்தின் இரண்டாவது படி

எல்லோருக்கும் வணக்கம். வருமான வரி என்று சொன்னதும் சேனலை மாற்றிவிடாதீர்கள், ரிட்டர்ன் எப்படித் தாக்கல் செய்வது என்று நான் பேசப் போவதில்லை. அதற்குக் கடைசித் தேதியான ஏப்ரல் 15 பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் பேச வந்தது அதற்கு ரொம்ப முன்னால் நடக்கிற ஒரு விஷயம். இங்கே அமெரிக்காவில் புது வேலையில் சேருகிற அன்று இன்சூரன்ஸ், பேங்க் விவரம், அது இது என்று ஒரு கட்டுப் படிவம் வரும் இல்லையா, அதில் டபிள்யூ-4 என்று ஒன்று இருக்கும். இரண்டு நிமிடத்தில் பெயரை எழுதி, கையெழுத்தைப் போட்டுத் தள்ளிவிட்டு, அடுத்த வேலை மாறும்வரை அதை மறந்துவிடுவோம். உங்கள் சம்பளத்தில் எவ்வளவு வருமான வரி பிடிக்க வேண்டும் என்பதை உங்கள் கம்பெனி அந்தத் தாளை வைத்துத்தான் முடிவு செய்கிறது. பல வருடமாகப் பேரோலில், அதாவது சம்பளம் போடுகிற வேலையில், இருக்கிறேன், வரி சீசனில் சனி ஞாயிறுகளில் இலவசமாக ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிற இடத்திலும் உட்காருகிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், ஏப்ரலில் வருகிற அழுகையில் பெரும்பங்கு அந்த இரண்டு நிமிடத்தில் ஆரம்பித்தது.

ஒரு தம்பதி கதையைச் சொல்கிறேன். கணவர் இங்கே வந்து ஏழெட்டு வருடம் ஆகிறது, மென்பொருள் வேலை, வருடா வருடம் கொஞ்சம் ரீஃபண்ட் வாங்கிக்கொண்டிருந்தவர். மனைவி ஹெச்-4 என்கிற துணைவர் விசாவில் ரொம்ப நாள் வீட்டில் இருந்துவிட்டு, இ.ஏ.டி. என்கிற வேலை அனுமதி அட்டை கைக்கு வந்து, நல்ல வேலை கிடைத்து, ஜனவரியிலேயே சேர்ந்துவிட்டார். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம். வீட்டில் ஒரே சந்தோஷம். அடுத்த மார்ச்சில் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள், கம்பெனிகள் கொடுத்த வருடச் சம்பளச் சான்று, டபிள்யூ-2, இரண்டையும் கணினியில் ஏற்றினேன், திரையில் ஒரு தொகை வந்தது. கட்ட வேண்டிய பாக்கி, பதினோராயிரம் டாலருக்கு மேல். அந்தப் பெண் ஒரு நிமிடம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டார்: "அண்ணா, மாசா மாசம் கம்பெனிதான் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்களே, அப்புறம் எப்படிக் குறையும்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருமே டபிள்யூ-4இல் 'மேரீட் ஃபைலிங் ஜாயிண்ட்லி', அதாவது கணவன் மனைவி சேர்ந்து வரிக் கணக்குக் கொடுக்கிறோம் என்று டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, அவ்வளவுதான். இரண்டாவது படி என்று ஒன்று அதில் இருக்கிறது, 'இன்னொரு வேலை இருந்தாலோ, உங்கள் துணைவரும் வேலை பார்த்தாலோ' என்று. அதை இரண்டு பேருமே தாண்டிப் போயிருந்தார்கள். கணவருடைய கம்பெனிக்கு மனைவி வேலைக்குப் போனது தெரியாது. மனைவியின் கம்பெனிக்குக் கணவருடைய சம்பளம் தெரியாது. இரண்டு கம்பெனியும் 'இந்தக் குடும்பத்துக்கு இந்த ஒரு சம்பளம்தான்' என்று நினைத்து, வரி போடுவதற்கு முன் வருமானத்தில் கழிக்கிற, குடும்பத்துக்கு ஒரு தடவை மட்டுமே கிடைக்கிற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனைத் தனித்தனியாக முழுசாகக் கொடுத்துவிட்டன, குறைந்த வரி விகிதங்களையும் இரண்டு தடவை கொடுத்துவிட்டன. ஒரே ரேஷன் கார்டுக்கு இரண்டு கடையில் முழு அளவு அரிசி போட்ட மாதிரி. கடைக்காரர் யார் மேலும் தப்பில்லை, கணக்குப் பார்க்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

எண்களைச் சொல்கிறேன், கார் ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் எழுத முயல வேண்டாம், கடைசி எண் மட்டும் மனதில் நின்றால் போதும். 2024ஆம் வருடக் கணக்கு, புரிவதற்காகச் சம்பளத்தை முழு எண்ணாக்கி, ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வருடம் தம்பதிக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 29,200 டாலர். ஒவ்வொரு கம்பெனியும் ஒரு லட்சத்தில் அதைக் கழித்து, மீதிக்கு 10 சதவீதம், 12 சதவீதம் என்று போட்டு, வருடம் முழுக்கப் பிடித்தது 8,032 டாலர். இரண்டும் சேர்ந்து 16,064. ஆனால் ரிட்டர்ன் போடும்போது இரண்டு லட்சமும் ஒன்றாகச் சேரும், டிடக்‌ஷன் ஒரு தடவைதான் கழியும், இரண்டாவது சம்பளத்தின் பெரும்பகுதி 22 சதவீதத்தில் போய் உட்காரும். உண்மையான வரி 27,682. வித்தியாசம் 11,618 டாலர். மாதத்துக்குக் கிட்டத்தட்ட 970 டாலர் கூடுதலாகக் கைக்கு வந்துகொண்டே இருந்தது, அது வரிப் பணம் என்று யாரும் சொல்லவில்லை, அதுபாட்டுக்குச் செலவாகிவிட்டது.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? அந்த இரண்டாவது படியில் (சி) என்று ஒரு சின்னக் கட்டம். மொத்தம் இரண்டே வேலைகள், சம்பளமும் ஏறக்குறைய சமம் என்றால் அதில் ஒரு டிக், இரண்டு பேருடைய படிவத்திலும். திரும்பவும் சொல்கிறேன், இரண்டு பேருடைய படிவத்திலும், ஒருவர் மட்டும் அடித்தால் பாதி வேலைதான் நடக்கும். அந்த டிக் விழுந்தால் ஒவ்வொரு கம்பெனியும் பாதி டிடக்‌ஷன், ஒவ்வொரு வரி விகிதத்துக்கும் உரிய வருமான வரம்பிலும் பாதி என்று கணக்குப் போடும். நான் சொன்ன உதாரணத்தில் ஆளுக்கு 13,841 டாலர் பிடிப்பார்கள். இரண்டால் பெருக்கிப் பாருங்கள், 27,682, உண்மையான வரிக்கு டாலர் பிசகாமல் வந்து நிற்கும். இதை முதன்முதலாகப் பென்சிலால் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் இருக்கிறது, அதனால்தான் போகிற இடத்தில் எல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தம்பதிக்கு அபராதம் விழுந்ததா என்று கேட்பீர்கள். விழவில்லை. முந்தின வருடத்து மொத்த வரியில் 100 சதவீதத்தை இந்த வருடப் பிடித்தம் எட்டியிருந்தால் அபராதம் கிடையாது, முந்தின வருடம் ஒரே சம்பளம்தானே, அதன் வரி குறைவு. முந்தின வருட வருமானம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய குடும்பத்துக்கு அந்த 100 என்பது 110 சதவீதம். இல்லையென்றால் இந்த வருட வரியில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும், அல்லது பாக்கி ஆயிரம் டாலருக்குள் இருக்க வேண்டும். முதல் வருடம் தப்பித்தார்கள். அதே டபிள்யூ-4 இரண்டாம் வருடமும் அப்படியே இருந்திருந்தால் மூன்று வழியும் அடைபட்டிருக்கும், பாக்கியோடு அபராதமும் சேர்ந்து வந்திருக்கும். அன்றைக்கே இரண்டு புதுப் படிவம் நிரப்ப வைத்துத்தான் அனுப்பினேன்.

இந்தப் பிடித்தம் என்கிற ஏற்பாடே எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த பகுதி. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது, அதுவரை வருமான வரியே கட்டாத சாதாரணத் தொழிலாளிகள் லட்சக்கணக்கில் வரி கட்ட வேண்டிய நிலை. அப்போதெல்லாம் இந்த வருடச் சம்பளத்துக்கான வரியை அடுத்த வருடம்தான் கட்டுவார்கள். கையில் வந்த பணம் செலவான பிறகு வரி கேட்டால் வாரச் சம்பளக்காரன் எங்கே போவான்? மேசீஸ் கடையின் பொருளாளராக இருந்த பியர்ட்ஸ்லி ரம்ல் என்பவர், சம்பாதிக்கச் சம்பாதிக்கவே கட்டிவிடலாம் என்று ஒரு திட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் பேசினார். அதில் ஒரு சிக்கல். மாற்றுகிற வருடத்தில் பழைய வருட வரியும் புது வருட வரியும் ஒரே நேரத்தில் தலையில் விழும். அதனால் ஒரு வருட வரியைத் தள்ளுபடி செய்துவிடுங்கள் என்றார். பெரிய சண்டை நடந்து, கடைசியில் 1943இல் சட்டம் வந்தபோது முக்கால் பங்கைத் தள்ளுபடி செய்தார்கள். அந்த வருடம் ஜூலை 1 முதல் சம்பளத்திலேயே பிடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு சம்பளம் என்பதே அன்றைக்கு வழக்கமாக இருந்தது. இன்றைக்கு நம் வீடுகளில் இரண்டு, சில வீடுகளில் மூன்று. கம்பெனி பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை மட்டும் அப்படியே தொடர்கிறது.

அடுத்து, 'என் மனைவியின் சம்பளம் என் ஆபீசுக்கு ஏன் தெரியணும்?' என்று கேட்பவர்கள் உண்டு. தெரியவே வேண்டாம். வரித்துறையான ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் வித்ஹோல்டிங் எஸ்டிமேட்டர் என்று ஒரு கணிப்பான் இலவசமாக இருக்கிறது, உங்கள் பெயரோ எஸ்.எஸ்.என். என்கிற சமூகப் பாதுகாப்பு எண்ணோ கேட்காது. இரண்டு பேருடைய கடைசி சம்பளச் சீட்டையும் (பே ஸ்டப்) பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு சம்பளத்திலும் எவ்வளவு கூடுதலாகப் பிடிக்கச் சொல்ல வேண்டும் என்று அது சொல்லும், அந்தத் தொகையை நாலாவது படி (சி)யில் எழுதினால் போதும். ஹெச்ஆருக்கு ஒரு எண் தெரியும், காரணம் தெரியாது. சம்பளங்கள் சமமாக இல்லாத வீட்டுக்கும் இதுதான் சரியான வழி.

குழந்தைகளுக்கான மூன்றாவது படியை ஒருவர் மட்டும் நிரப்புங்கள், அதிகச் சம்பளம் வாங்குபவர். இரண்டு பேரும் எழுதினால் ஒரே குழந்தைக்கு இரண்டு தடவை சலுகை போய்விடும். இந்தியாவில் பிறந்து இன்னும் எஸ்.எஸ்.என். இல்லாமல் ஐ.டி.ஐ.என். என்கிற வரி எண் மட்டும் இருக்கிற பிள்ளைக்கு 500 டாலர்தான், முழுக் குழந்தைச் சலுகை கிடையாது. நம்மவர்கள் நிறைய பேர் தடுக்குகிற இடம் இது.

இந்த வருடம் ஏற்கனவே பாதிக்கு மேல் போய்விட்டதே என்றால், மனம் விட வேண்டாம். காலாண்டுத் தவணையாக நாமே கட்டுகிற வரி, கட்டிய தேதியில்தான் கணக்கில் ஏறும். ஆனால் சம்பளத்தில் பிடித்த வரி நவம்பரில் பிடித்தாலும் சரி, டிசம்பரில் பிடித்தாலும் சரி, வருடம் முழுக்கச் சமமாகக் கட்டியதாகவே எடுத்துக்கொள்வார்கள். அதனால் அக்டோபரில் முழித்துக்கொண்டாலும் மிச்சமிருக்கிற சம்பளங்களில் கூட்டிப் பிடிக்கச் சொல்லிச் சரிக்கட்டலாம். டபிள்யூ-4ஐ வருடத்தில் எந்த நாளும் மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் அமலுக்குக் கொண்டுவரக் கம்பெனிக்கு ஒரு மாதம்வரை அவகாசம் உண்டு, அதனால் டிசம்பர்வரை காத்திருக்காதீர்கள்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், மிச்சத்தை வேகமாகச் சொல்கிறேன். போனஸுக்கும், கம்பெனி பங்காகக் கொடுக்கிற ஆர்.எஸ்.யூ.வுக்கும் பத்து லட்சம் டாலர்வரை பெரும்பாலும் 22 சதவீதம்தான் பிடிப்பார்கள், உங்கள் விகிதம் 32 என்றால் மீதி பத்தை நீங்கள்தான் எடுத்துவைக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்கள் இந்திய வங்கியில் போடுகிற என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, இங்கே உண்டு, அதை நாலாவது படி (ஏ)யில் சேருங்கள். தம்பதி சம்பளம் சேர்ந்து இரண்டரை லட்சம் தாண்டினால் தாண்டிய தொகைக்குக் மெடிகேர் என்கிற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான கூடுதல் வரி 0.9 சதவீதம், ஆனால் ஒருவர் சம்பளமே இரண்டு லட்சம் தாண்டினால்தான் கம்பெனி அதைப் பிடிக்கும். மாநில வரிக்குக் கலிஃபோர்னியாவில் டிஇ-4 என்று தனிப் படிவம், டெக்சஸ், ஃப்ளோரிடாவில் அந்த வேலையே இல்லை. மற்ற மாநிலக்காரர்கள் உங்கள் பேரோலில் கேளுங்கள், இன்றைக்கே கேளுங்கள். வணக்கம்.