ஊஞ்சல் காலுக்கு ஒரு பிறை வெட்டு: வீட்டுப் பட்டறைக்கு எந்த நாட்ச்சர்?

வணக்கம் நண்பர்களே. முதலில் இதைப் பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். இரண்டு பைப்பும் சேருகிற இடத்தில், நடுவில், ஒரு பென்சில் நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரிகிறதா? 8 மி.மீ.க்கும் மேல். மொட்டை மாடியில் அம்மாவுக்காக ஓர் ஊஞ்சல் செய்ய ஆரம்பித்தேன். அதன் முதல் கால் இது.

இந்த இடைவெளியில் வெல்டிங் ராடு துண்டுகளைத் திணித்து மேலே அடித்து மூடிவிடலாம். பலரும் செய்கிறார்கள். கிரைண்டர் போட்டு பெயின்ட் அடித்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் ஊஞ்சல் சும்மா நிற்கிற பொருள் இல்லை. முன்னே போகும்போது இணைப்பை ஒரு பக்கம் இழுக்கும், பின்னே வரும்போது மறுபக்கம். இப்படி மாறி மாறி இழுபடுகிற இடத்தில்தான் வெல்டில் விரிசல் ஆரம்பிக்கும். உட்காரப் போவது என் அம்மா, பக்கத்தில் என் அக்கா பிள்ளைகள். அதனால் இந்தக் காலை ஒதுக்கி வைத்துவிட்டேன். எங்கே தப்பு, அதைச் சரிசெய்ய எந்த நாட்ச்சர் (பைப்பின் நுனியைப் பிறையாகக் குடையும் கருவி) வாங்கினேன், எதையெல்லாம் வேண்டாம் என்று விட்டேன் என்பதுதான் இன்றைக்குப் பேச்சு.

சதுர பைப் என்றால் இந்தப் பேச்சே இல்லை. கட்டிங் மெஷினில் 45 டிகிரி வைத்து அறுத்தால் முடிந்தது. உருண்டை பைப்பின் முதுகில் இன்னொரு உருண்டை பைப்பின் நுனி உட்கார வேண்டும் என்றால், அந்த நுனியைப் பிறை மாதிரி குடைய வேண்டும். அதைத்தான் நாட்ச் என்கிறோம்.

என்னிடம் இருக்கும் பைப்பின் கணக்கு இது. மேலே குறுக்கே போகும் சட்டம் ஒன்றரை இஞ்சு பைப். கால்கள் ஒன்றே கால் இஞ்சு. கால்களுக்கு நடுவே வரும் குறுக்குக் கட்டை முக்கால் இஞ்சு. மூன்றும் பி கிளாஸ் கருப்பு பைப். இங்கேதான் முதல் குழப்பம். கடையில் ஒன்றரை இஞ்சு என்று சொல்வது வெளிவிட்டம் இல்லை. வெர்னியர் வைத்துப் பாருங்கள்: ஒன்றரை இஞ்சு பைப்பின் வெளிவிட்டம் 48.3 மி.மீ., ஒன்றே கால் 42.4, முக்கால் 26.9. ஏ, பி, சி என்று கிளாஸ் மாறினால் சுவர்த் தடிமன்தான் மாறும், வெளிவிட்டம் அதேதான். பி கிளாஸில் பெரிய இரண்டுக்கும் தடிமன் 3.2 மி.மீ. ஆனால் ஃபர்னிச்சருக்கு வரும் மெல்லிய டியூப்பை வெளிவிட்டத்தைச் சொல்லித்தான் விற்பார்கள், அதில் ஒன்றரை இஞ்சு என்றால் 38.1 மி.மீ.தான். பெயர் ஒன்று, பொருள் வேறு. எதை வாங்குவதற்கு முன்னாலும் கையில் வெர்னியர் இருக்கட்டும்.

சரி, நான் செய்த தப்புக்கு வருகிறேன். கால் பைப் 42 மி.மீ. என்பதால் 42-ஐ ஒட்டிய ஹோல் சாவை, அதாவது விளிம்பில் பல் உள்ள கிண்ணம் மாதிரி ரம்பத்தை, போட்டு வெட்டினேன். அது தவறு. நான் வெட்டுவது கால். ஆனால் அது போய் உட்காருவது சட்டத்தின் மேல். பிறையின் வளைவு சட்டத்தின் வளைவாக இருக்க வேண்டும், அதாவது 48. வெட்டப்படும் பைப்பின் அளவு இல்லை, தழுவப்படும் பைப்பின் அளவுதான் ஹோல் சாவின் அளவு. 42-ல் வெட்டியதால் பிறையின் இரண்டு நுனிகளும், அதாவது காதுகளும், சட்டத்தின் பக்கங்களில் முட்டி நின்றுவிட்டன, நடுப்பகுதி சட்டத்தைத் தொடவே இல்லை. சரியாக வெட்டியிருந்தால் காதுகள் 12.6 மி.மீ. மட்டும் நீண்டிருக்கும். இதில் கிடப்பது 21. இரண்டு பைப்பும் ஒரே அளவாக இருந்தால் இந்தக் குழப்பம் வராது. அளவு மாறும்போதுதான் கை தவறுகிறது.

நாட்ச் வெட்ட என்னென்ன வழி இருக்கிறது என்று பார்த்தேன். பெல்ட் வகை ஒன்று உண்டு. மணல் பெல்ட் ஓர் உருளையைச் சுற்றி ஓடும், உருளையின் விட்டம்தான் பிறையின் விட்டம். எஸ்.எஸ். கைப்பிடி செய்கிற இடங்களில் பார்க்கலாம். வேகம், சுத்தம், எந்தக் கோணமும் வரும். ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் தனி உருளை வேண்டும், சத்தமும் தூசியும் அதிகம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சுவர் நான்கடி தூரம். அது எனக்குச் சரிவராது. லீவரை அழுத்தி பஞ்ச் மாதிரி வெட்டுகிற வகை நொடியில் வெட்டிவிடும், ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் தனி டை, பெரும்பாலும் செங்கோணம் மட்டும். பைப் வேலி, ரெயிலிங் என்று ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் வெட்டுகிறவர்களுக்கு அது. எண்ட் மில் என்கிற உருளை வடிவ வெட்டுக்கருவியைப் போட்டு வெட்டுகிற மெஷின் மிக நேர்த்தி, ஆனால் அதன் எடையும் விலையும் ஒரு சிறு தொழிற்கூடத்துக்கானவை.

மிஞ்சுவது ஹோல் சா நாட்ச்சர். ஒரு இரும்பு அடிப்பாகம், பைப்பைப் பிடிக்க ஒரு கிளாம்ப், கோணம் வைக்க ஓர் அளவுகோல், நடுவில் இரண்டு பேரிங்கில் ஓடும் ஷாஃப்ட். ஷாஃப்டின் ஒரு முனையில் ஹோல் சா, மறுமுனையில் உங்கள் டிரில்லிங் மெஷின். வீட்டுப் பட்டறைக்கு இதுதான் பொருத்தம் என்பது என் முடிவு. அப்புறம், இதில் நல்லதும் கெட்டதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதனால் கடையிலேயே சோதித்து வாங்குங்கள்.

ஷாஃப்டின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஹோல் சாவின் பற்கள் பைப்பின் வளைந்த முதுகில் முதலில் தொடுவது ஒரே ஓரத்தில்தான். நடுவில் பிடித்துக்கொள்ள பைலட் டிரில் கிடையாது, நாட்ச்சரில் அதைக் கழற்றிவிட வேண்டும். அதனால் ஹோல் சாவை நேராகப் பிடித்து வைப்பது அந்த ஷாஃப்டும் பேரிங்கும் மட்டுமே. அது ஆடினால் பல் ஒரே கடியில் உடையும். நான் முதலில் பார்த்ததில் வெறும் இரும்புத் துளைக்குள் ஷாஃப்ட் ஓடியது, வேண்டாம் என்றேன். நான் வாங்கியதில் ஊசி பேரிங், ஆட்டமே இல்லை. கிளாம்ப் பைப்பை வி வடிவப் பள்ளத்தில் உட்கார வைக்கிறதா என்றும் பாருங்கள். தட்டையான தாடை என்றால் பைப் உருண்டுவிடும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை, அது மரை. 30 மி.மீ. வரைக்குமான ஹோல் சாக்களுக்கு அரை இஞ்சு மரை, 32-லிருந்து மேலே ஐந்து நூல் (5/8 இஞ்சு) மரை. நாட்ச்சரின் ஷாஃப்டில் ஒரு மரைதான் இருந்தால் அடாப்டர் வேண்டும். கால் சட்டத்தில் உட்கார 48, குறுக்குக் கட்டை காலில் உட்கார 43 என்பதால் எனக்கு இரண்டுமே ஐந்து நூல் மரை. மெல்லிய டியூப்பில் வேலை செய்கிறவர்கள் அடாப்டரையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆழமும் முக்கியம். ஹோல் சா பைப்பின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும், எனக்கு அது 42.4 மி.மீ. கடையில் கிடைக்கும் பை-மெட்டல் ஹோல் சாக்களின் ஆழம் பெரும்பாலும் 38-லிருந்து 48 வரைதான். 38 ஆழமுள்ளதை வாங்கினால் கடைசியில் உள்ளே மாட்டிய துண்டு அடியில் முட்டி நிற்கும், மெஷினை நிறுத்தித் துண்டை உடைத்து எடுத்துவிட்டுத் தொடர வேண்டியிருக்கும். கோணம் சாயச் சாய இந்தத் தூரம் இன்னும் கூடும்.

இதை எல்லாவற்றையும்விட எனக்கு வலித்த பாடம் வேகம். 48 மி.மீ. ஹோல் சாவுக்கு இரும்பில் நிமிடத்துக்கு 180 சுற்று போதும். என் பெஞ்ச் டிரில்லிங் மெஷினில் பெல்ட்டை எந்தப் புல்லியில் மாற்றினாலும் குறைந்த வேகம் 480. அதில் ஒரு ஹோல் சா, மூன்றாவது காலிலேயே பல் நீலமாகி மழுங்கிவிட்டது. பல்லில் கோபால்ட் கலந்த எஃகுதான், ஆனால் அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. அப்புறம் கியர் உள்ள, மெதுவாகச் சுற்றும் கை டிரில்லை வாங்கினேன். பக்கக் கைப்பிடி இல்லாமல் அதைத் தொடாதீர்கள், பல் மாட்டினால் மணிக்கட்டை முறுக்கிவிடும். துணிக் கையுறை வேண்டாம், லுங்கி வேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கட்டிங் ஆயிலைத் தாராளமாக விடுங்கள். பணம் ஒரு அளவுக்குத்தான் இருக்கிறது என்றால் நாட்ச்சரில் கொஞ்சம் குறைத்து, மெதுவான மெஷினிலும் நல்ல ஹோல் சாவிலும் போடுங்கள். ஆட்டமில்லாத ஷாஃப்டை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாங்கி வந்த அன்றே ஒரு வீணான துண்டில் வெட்டிப் பாருங்கள். இரண்டு காதுகளின் நீளமும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று நீளமாக இருந்தால் ஷாஃப்டின் மையம் பைப்பின் மையத்தில் இல்லை என்று பொருள். என்னுடையதில் ஒன்றரை மி.மீ. வித்தியாசம் வந்தது. கிளாம்புக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று வைத்தேன், சரியாகிவிட்டது. கோண அளவுகோலையும் நம்பிவிடாதீர்கள். அதில் பூஜ்யம் என்பது செங்கோண இணைப்பு. என் கால் ஒவ்வொன்றும் செங்குத்திலிருந்து 20 டிகிரி சாய்கிறது. குறுக்குக் கட்டை காலோடு சேருவது 70 டிகிரியில். அளவுகோலில் வைக்க வேண்டியது 20. இதில் 70 வைக்கப் பார்த்து அளவுகோலில் அந்த எண்ணே இல்லாமல் விழித்தவர்களை எனக்குத் தெரியும்.

ஒரே பைப்பின் இரண்டு முனையிலும் நாட்ச் என்றால் இரண்டும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். பைப்பின் நீளத்துக்கு எல் வடிவ ஆங்கிள் இரும்பை ஒட்டி வைத்து மார்க்கரில் ஒரு கோடு இழுங்கள், இரண்டு முறையும் அந்தக் கோடு மேலேயே வரட்டும். இல்லாவிட்டால் ஒரு முனை உட்காரும்போது மறுமுனை திரும்பி நிற்கும்.

நாட்ச்சரால் முடியாதது ஒன்றையும் சொல்ல வேண்டும். சட்டத்துக்கு அடியில் இரண்டு கால்களும் வந்து சேரும் இடத்தில் அவை ஒன்றோடொன்று முட்டும். இரண்டாவது கால், சட்டத்தையும் முதல் காலையும் சேர்த்துத் தழுவ வேண்டும். அதற்கு நான் காகிதத்துக்குப் போகிறேன். கணினியில் வரைந்து, அளவு மாறாமல் அச்செடுத்து, பைப்பில் சுற்றி, கோட்டின்படி கிரைண்டரால் அறுப்பது. சுற்றும் முன்னால் ஒரு சோதனை: 42.4 பைப்பின் சுற்றளவு 133.2 மி.மீ., காகிதத்தின் இரண்டு ஓரமும் அங்கே சரியாகச் சந்திக்காவிட்டால் அச்சு தப்பு. உண்மையைச் சொன்னால், ஊஞ்சல் ஒன்று மட்டும் செய்கிறவருக்கு இந்தக் காகிதமும் கிரைண்டரும் அரமும் போதும். மொத்தம் 8 நாட்ச்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. எனக்கு அடுத்து சைக்கிள் பின்னால் இழுக்கும் டிரெய்லர் இருக்கிறது, அது மெல்லிய டியூப். 3.2 மி.மீ. சுவரில் ஒரு மி.மீ. இடைவெளியை ராடு நிரப்பிவிடும், 1.6 மி.மீ. சுவரில் அதே இடைவெளி ஓட்டையாக எரிந்துவிடும். அதனால்தான் நாட்ச்சர் வாங்கினேன்.

ஜி.ஐ. பைப்பில் செய்யலாமா என்று நினைப்பவர்களுக்கு: துத்தநாகப் பூச்சை வெல்ட் வரும் இடத்தில் முழுவதும் தேய்த்து எடுக்காமல் அடிக்காதீர்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்க் காய்ச்சல் வரும்.

இதோ, 48-ல் வெட்டிய புதிய கால். காதுகளின் நுனி கத்தி மாதிரி இருந்தது, ஃபிளாப் டிஸ்க்கில் ஒரு மி.மீ. தேய்த்துவிட்டேன், இல்லாவிட்டால் ஆர்க் பட்டதும் அது உருகி ஓடும். சட்டத்தில் வைக்கிறேன். பின்னால் டார்ச் பிடிக்கிறேன், பாருங்கள். இந்தப் பக்கம் வெளிச்சம் இல்லை. அந்தப் பக்கம் ஒரு நூலிழை தெரிகிறது, அவ்வளவுதான். மழை கறுத்துக்கொண்டு வருகிறது. வெட்டிய வாயில் எண்ணெய் தடவி எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைக்கிறேன். காலையில் எண்ணெயைத் துடைத்துவிட்டு நான்கு டேக் (சின்னப் புள்ளி வெல்ட்) அடித்து, கோணம் பார்த்து, அப்புறம்தான் முழு வெல்ட்.