ஒரு துண்டுப் பாண்

வணக்கம். யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரி தொடங்கிய கதையை வானொலியில் பேசச் சொன்னார்கள். 1824 என்று ஆண்டைச் சொல்லிவிட்டுக் கட்டடங்களுக்குப் போயிருக்கலாம். ஆனால் எனக்குப் பிடித்தது பாண் கதைதான், அம்மம்மா சொல்லிச் சொல்லித் தலையில் ஏறியது.

அதற்கு முந்தி ஒன்று. 1816இல் அமெரிக்க மிஷனறிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். ஆங்கிலம் படித்தால் உத்தியோகம் என்பதால் ஆண்பிள்ளைகள் மெல்ல மெல்ல வந்தார்கள், அவர்களுக்கான உயர்கல்விக்கூடம், வட்டுக்கோட்டைச் செமினரிகூட 1823லேயே தொடங்கியாயிற்று. பெண்பிள்ளை? எழுத்துத் தெரிந்தவள் என்றால் கோயிலில் ஆடுகிறவள் என்று நினைத்த காலம். எந்தத் தாய் அனுப்புவாள்?

சரி, பாணுக்கு வருகிறேன். ஒரு பின்னேரம் அக்காவும் தங்கையுமாக இரண்டு சிறுமிகள், இந்தக் கல்லூரியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனறி ஹரியட் வின்ஸ்லோ அம்மையாரின் வீட்டுப் பக்கம் வேடிக்கை பார்க்க வந்தார்களாம். மழை பிடித்துக்கொண்டது. மாரியில் நம்முடைய ஒழுங்கைகள் எப்படி வாய்க்காலாகும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? இருட்டியும் விடவில்லை. பசியில் இரண்டும் அழ, அம்மையார் பாணும் வாழைப்பழமும் கொடுத்தார். சின்னவள் தின்றுவிட்டாள். மூத்தவள் தொடவில்லை.

தேடி வந்த தகப்பனுக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். வெள்ளைக்காரர் வீட்டில் தின்று சாதி கெட்டுப்போனவளை இனி யார் கட்டுவான்? அம்மையார் எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பார்த்து, கடைசியில் ‘அப்படியானால் என்னிடம் விடுங்கள், நான் வளர்த்துப் படிப்பிக்கிறேன்’ என்றாராம். விட்டார்கள். பிள்ளை மளமளவென்று வாசிக்கப் பழகியதைப் பார்த்த பிறகு அக்காவையும் கொண்டுவந்து விட்டார்கள்.

எல்லாரும் சின்னவளைத்தான் சொல்லுவார்கள். எனக்கு நினைவு ஓடுவது மூத்தவளிடம். ஏழெட்டு வயது இருக்குமா? வயிறு காந்த, பக்கத்தில் தங்கை தின்ன, வாயை இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். அம்மம்மா இந்த இடத்தில் எப்போதும் கதையை நிறுத்தி, எனக்கு ஒரு வாய் சோறு ஊட்டுவா. அப்படிப்பட்டவள் பிறகு அதே வீட்டுக்குப் படிக்க வந்தாள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். பாண் தின்றவளுக்கு வேறு வழியில்லை. இவளுக்கு இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கைகாட்டுகிறார், நேரமாகிவிட்டதாம். ஹரியட் அம்மையார் 1833இல் உடுவிலிலேயே காலமானார். கணவர் மைரன் வின்ஸ்லோ, 1862இல் வந்த தமிழ் அகராதிக்காரர், அவரேதான். அப்புறம் எலைசா அக்னியூ, இவருக்கென்று ஒரு நாள் தனியாக வரவேண்டும். 1840இல் வந்து 1879 வரை தலைமை ஆசிரியை, ஒருமுறைகூட அமெரிக்கா திரும்பவில்லை, தாய்க்குப் படிப்பித்து மகளுக்கும் படிப்பித்துப் பேர்த்திக்கும்... சரி தம்பி, முடித்துவிட்டேன். வணக்கம்.