கேமரா கம்ப்யூட்டர் வாங்குறதுக்கு முன்னாடி வாட் கணக்கு பாருங்க

வணக்கம். வீட்டு கேமராவுக்குப் பின்னால ராப்பகலா ஓடுற கம்ப்யூட்டரைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன்.

ஒரு வாட் இழுக்குற பொருள் நிக்காம ஓடினா வருஷத்துக்கு 8.76 யூனிட். சிங்கப்பூர் கணக்குல யூனிட் 30 காசுன்னு வச்சுக்குவோம். அப்போ ஒரு வாட்டுக்கு வருஷம் 2 வெள்ளி 63 காசு. கிராபிக்ஸ் கார்டு உள்ள பழைய டவர் சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுத்தா, வருஷத்துக்கு 158 வெள்ளி. 10 வாட் மினி பிசின்னா 26 வெள்ளிதான். "பழசு கையில இருக்கே, இலவசம்தானே"ன்னு நினைக்காதீங்க.

நான் சொல்றது இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி. நாலு கோர், 6 வாட் சிப். அதுல முக்கியமானது, கேமரா சுருக்கி அனுப்புற வீடியோவைத் திரும்பப் படமா விரிக்கிற தனிப் பகுதி, குவிக் சிங்க். வீடியோவைச் சுருக்குற முறைகளான எச்.264, எச்.265 ரெண்டையும் அது பார்த்துக்கும். ராஸ்பெர்ரி பை 5ங்குற கைக்கடக்கமான கம்ப்யூட்டர் எடுக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு: அதுல எச்.265க்கு மட்டும்தான் அந்த வசதி. எச்.264 கேமராவா இருந்தா முழு சுமையும் சிபியு மேல விழும்.

இப்போ ஸ்கிரீனைப் பாருங்க. கேமரா படத்தைப் பதிவு பண்ணி, ஆளைக் கண்டுபிடிக்கிற ஃப்ரிகேட் சாப்ட்வேர் ஓடுது. நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான். ஃப்ரிகேட் ஓடுற தனி உறைக்கு (கன்டெய்னர்) சிப்போட கிராபிக்ஸ் பகுதியை (ரெண்டர் டிவைஸ்) கொடுக்க மறந்துடுவாங்க. படம் வரும், பதிவும் ஆகும், அதனால தப்பே தெரியாது. ஆனா சிபியு கொதிக்கும், வாட் மீட்டர் ஏறும். டெர்மினல்ல, கிராபிக்ஸ் பகுதி எவ்வளவு வேலை செய்யுதுன்னு காட்டுற இன்டெல் ஜிபியு டாப் (intel_gpu_top) கட்டளையைப் போட்டு "வீடியோ"ங்குற வரியைப் பாருங்க. அது பூஜ்யத்துலயே நின்னா, ஹார்டுவேர் டீகோடிங், அதாவது அந்தத் தனிப் பகுதி, வேலை செய்யலைன்னு அர்த்தம். பழைய லினக்ஸ் கர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) என்100 கிராபிக்ஸ் சரியா வராது, பதிப்பு 6க்கு மேல போங்க.

இன்னொண்ணு, ஆள் நடமாட்டம் கண்டுபிடிக்க 4கே படம் வேண்டாம். கேமரா கூடவே அனுப்புற சின்ன படமான சப் ஸ்ட்ரீமை, 640க்கு 360, நொடிக்கு 5 ஃபிரேம், ஆள் கண்டுபிடிக்கிற வேலைக்கு (டிடெக்ட்) கொடுங்க. முழு அளவு படமான மெயின் ஸ்ட்ரீம் பதிவுக்கு மட்டும் போகட்டும். மின்சாரம் மிச்சமாகுறதுல இதுக்கும் பங்கு உண்டு. கண்டுபிடிக்கிற வேலைக்கு என்100ல இன்டெலோட ஏஐ சாப்ட்வேர் ஓபன்வினோ போதும். நாலு கேமராவுக்குன்னு தனியா கோரல்ங்குற ஏஐ சிப் வாங்க வேண்டியதில்லை.

டிஸ்க்குக்கு வருவோம். நாலு கேமரா, ஒவ்வொண்ணும் நொடிக்கு 4 மெகாபிட்னா ஒரு நாளைக்கு 173 ஜிபி. 2 டிபி எஸ்எஸ்டியில 11 நாள் பதிவு அடங்கும். வருஷம் 63 டிபி எழுதுவோம். அதனால பெட்டியில போட்டிருக்கிற டிபிடபிள்யூ எண்ணை, அதாவது மொத்தம் எத்தனை டிபி எழுதலாம்ங்குறதை, பார்த்து வாங்குங்க. ஒரு மாசப் பதிவு வேணும்னா 3.5 இன்ச் கண்காணிப்பு ஹார்ட் டிஸ்க் எடுக்கலாம். அதுக்கு 12 வோல்ட் வேணும், மினி பிசியோட யூஎஸ்பி கொடுக்காது. தனி அடாப்டர் உள்ள டிஸ்க் பெட்டி வாங்கணும், சில வாட் கூடும்.

கேமராவையும் கணக்குல சேருங்க. இருட்டுல இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது ஒண்ணு 5 வாட்னா, நாலுக்கு 20 வாட். கம்ப்யூட்டரைவிட அதிகம்! நெட்வொர்க் கேபிள் வழியா கேமராவுக்குக் கரண்ட் கொடுக்குற பிஓஇ சுவிட்சோட மொத்த வாட் பட்ஜெட்டை அந்த ராத்திரி கணக்கை வச்சுப் பாருங்க. பகல்ல நல்லா ஓடி, இருட்டினதும் கேமரா ரீஸ்டார்ட் ஆனா முதல் சந்தேகம் இதுதான். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல இருக்கீங்களா? வாசலுக்கு வெளியே மாட்டுறதுன்னா முதல்ல நகர மன்ற அனுமதி வாங்கிடுங்க.

கம்ப்யூட்டரைக் கதவு மூடின பாம் ஷெல்டர்க்குள்ள (வீட்டுப் பாதுகாப்பு அறை) வைக்காதீங்க. நம்ம ஊரு வெயிலுக்கு உள்ள சூடு தேங்கும், ஃபேன் இல்லாத மாடல் வேகத்தைக் குறைச்சுக்கும்.

கடைசியா கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்கான பயாஸ்ல போய், கரண்ட் திரும்பினா தானா ஆன் ஆகுற மாதிரி வைங்க. அப்புறம் அதைச் சோதிக்க, வேலை எதுவும் ஓடாதப்போ முறைப்படி ஷட்டவுன் பண்ணி, சுவர் சுவிட்சை அணைச்சு, அரை நிமிஷம் கழிச்சுப் போடுங்க. பட்டனைத் தொடக்கூடாது. நாலு படமும் தானா வரணும்.