கோயில் மாதிரி ஒரு நீரேற்று நிலையம்

வணக்கம். திரையில் இந்தப் படம் வந்ததும் பின்வரிசையில் ஒருவர் "இது கோயிலா?" என்று கேட்டார், நல்ல கேள்வி. வெள்ளைத் தூண்கள், முக்கோண முகப்பு, கீழே ஆறு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஃபேர்மவுண்ட் நீரேற்று நிலையம் இது. 1815-இல் ஓடத் தொடங்கியது.

1793-இல் மஞ்சள் காய்ச்சல் அந்த ஊரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதைக் கொசு பரப்புகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது, அழுக்கும் நாற்றமும்தான் காரணம் என்று நினைத்து, தெருவைக் கழுவவும் குடிக்கவும் நல்ல தண்ணீர் வேண்டும் என்று கிளம்பினார்கள். தண்ணீரை ஏற்ற ஊர் நடுவே முதலில் வைத்த நீராவி எஞ்சின்கள் அடிக்கடி நின்றுபோயின. அப்புறம் பிரெடெரிக் கிராஃப் என்ற பொறியாளர் ஸ்கூகில் ஆற்றங்கரைக் குன்றைத் தேர்ந்தெடுத்தார். அங்கேயும் நீராவிதான், விறகுச் செலவு தாங்கவில்லை, பாய்லர் வெடித்து ஆட்களும் இறந்தார்கள்.

சரி, ஆறே வேலை செய்யட்டும் என்று அணை கட்டி, 1822-இல் நீர்ச்சக்கரங்களை ஓடவிட்டார்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். மேலே மொட்டைமாடியில் மக்கள் உலாவிக்கொண்டிருக்க, அவர்கள் காலடியில் சக்கரங்கள் சுழன்று பம்புகளை இயக்கி, தண்ணீரைக் குன்றின் உச்சித் தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து அது தானாகவே ஊருக்குள் இறங்கும். ஒரு சிக்கல், அணைக்குக் கீழே கடலின் ஓதத்தால், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதால், ஆற்று நீர் உயரும், உயர்ந்தால் சக்கரம் அதில் மூழ்கி நின்றுவிடும். அதனால் 1851-இல் நீருக்குள் மூழ்கியபடியே சுழலும் ஜான்வால் டர்பைனைக் கொண்டுவந்தார்கள்.

அழகான கட்டடம் என்று உலகமே வந்து பார்த்தது. ஆனால் இங்கே மணல் வடிகட்டி கிடையாது, ஆற்று நீர் ஏறக்குறைய அப்படியே குழாய்க்குப் போனது. ஆற்றைக் காக்கக் கரையோர நிலங்களை நகரம் வாங்கிப் பூங்காவாக்கியது, நல்ல முயற்சிதான், என்றாலும் பூங்காவுக்கு அப்பாலும் ஆறு இருக்கிறதே, அங்கே ஆலைகளும் ஊர்களும் கழிவைக் கொட்டின. டைபாய்டு வந்தது. 1909-இல் நிலையத்தை மூடினார்கள்.

பிறகு அதே கட்டடத்தில் பல வருடம் மீன் காட்சியகம் நடந்தது. தொட்டி இருந்த உச்சியில் இப்போது நகரத்தின் கலை அருங்காட்சியகம் நிற்கிறது. அங்கே போகிறவர்கள் பின்பக்கமாக ஆற்றுக்கு இறங்குங்கள், ஐந்து நிமிடம் அந்த மாடியில் நின்று, அணையில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேளுங்கள்.